பரசுராமன் தறியில் வந்தவையும் வராதவையும்

2022ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, ஆரணியில் பரசுராமன் தறியிலிருந்து அறுத்த அரக்குப் புடவையின் முந்தானையில், யாரும் நெய்யாத ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. பூவேலைக்கு ஓட்டை குத்தி வைக்கும் ஜக்கார்டு அட்டையில் இருந்தது மாங்காய்தான். பரசுராமன் அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எல்லாம் மாங்காய். யானையோ துதிக்கையில் ஒரு சின்னக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி யோசனையில் இருந்தது. அதை அடையாளம் காட்டியவள் அவருடைய ஒன்பது வயது மகள் நிலா. தறிக்குழிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து நூலகப் புத்தகம் படிப்பது அவள் வழக்கம். "இது என் புக்கு யானைப்பா. குடைக்குள்ள பூந்துக்கலாம்னு பாக்குது, முடியல" என்றாள். புத்தகத்தைத் திறந்தால் பன்னிரண்டாம் பக்கத்தில் அதே யானை, அதே குடை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப்பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் வேணுகோபால் முதலாளி புடவையை இரண்டு முறை உதறிப் பார்த்தார். திட்டுவதற்குத் திறந்த வாயை மூடாமலே எடுத்துப் போனார். மறுநாள் போளூரிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா, வேறு புடவையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு நிலா எதைப் படித்தாளோ அது வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த காக்கை, கிணற்றுக்குள் கடை போட்ட தவளை, தன் மீசையைத் தேடி ஊர் ஊராய் அலையும் ராஜா. அவள் சத்தமாகப் படிப்பதில்லை, உதடுகூட அசையாது. தறிக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. கரண்ட் எப்படி வருகிறது என்று யார் விசாரிக்கிறார்கள்? நிலாவுக்கு முந்தானையில் யானை வந்தாலும் ஒன்றுதான், மாங்காய் வந்தாலும் ஒன்றுதான். சாப்பிடக் கூப்பிட்டால் "தோ, ஒரு பக்கம்" என்பாள். அந்த ஒரு பக்கம் அரைமணி நேரம் போகும்.

தீபாவளி நெருங்கியது, முதலாளி இன்னும் வேண்டும் என்றார். இங்கேதான் பரசுராமன் தப்புச் செய்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நெசவுக்காரர் தெருவில் பிறந்தவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு புடவை அறுத்தால் ஒரு கூலி, பாதிப் புடவைக்குக் கூலி கிடையாது. அதையே மகளுக்கும் போட்டார். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு சாக்லேட், ஐம்பது முடித்தால் சைக்கிள். தறியில் இன்றைக்கு இவ்வளவு நெய்ய வேண்டும் என்று அடையாளத்துக்கு நூலால் முடிச்சுப் போடுவதுபோல, புத்தகத்திலும் அன்றன்றைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தில் ஒரு சிவப்பு நூலைச் செருகினார். சாயங்காலமானால், முதலாளி தன்னைக் கேட்கும் அதே தோரணையில் "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். அவர் மனைவி லீலாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அது பாட்டுக்குப் படிச்சிகினு கிடந்த பொண்ணு. அத ஏன் பேஜார் பண்றீங்க?" என்றாள். பரசுராமன் அதைப் பாசம் என்று நினைத்துத்தான் செய்தார். பாசம்தான், அதில் சந்தேகமில்லை.

நிலா கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டாள். நூலகத்தில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துப் பொறுக்கினாள், படம் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் பக்கம் படிப்பாள், கடைசிப் பக்கம் படிப்பாள், நடுவில் இருப்பவர்கள் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடுவாள். தறியும் அவள் வழிக்கே போனது. மார்கழியில் அறுத்த புடவையில் உடல் முழுக்கச் சின்னச் சின்னச் சாக்லேட், இரண்டு பக்கமும் காகிதம் முறுக்கியபடி. அடுத்ததில் கரை நெடுக முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று எண்கள் ஓடின. நாற்பத்தாறாவது புத்தகத்தின்போது முந்தானையில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் வந்தது. வேணுகோபால் அதைக் கொண்டுவந்து தறிமேல் போட்டார். "இன்னாப்பா இது? பொண்ணுங்க கல்யாணத்துக்குச் சக்கரத்தக் கட்டிகினு போவாங்களா?" எதிர்வீட்டுத் தனகோடியும் தன் பிள்ளைகளுக்கு இதே சட்டத்தைப் போட்டிருந்தார், பரோட்டாவைப் பரிசாக வைத்து. அவர் தறியில் என்ன வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாசியில் ஐம்பது முடிந்தது, சைக்கிள் வந்தது. நிலா புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் மறந்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அன்று முதல் தறியில் வெறும் மாங்காய் வந்தது. பரசுராமன் ஒரு புதுப் புத்தகத்தை வாங்கிவந்து நீட்டினார். அவள் கையை நீட்டாமல், "இன்னா தருவ?" என்றாள். ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. நெய்வதற்குப் புதுப் பாவு நூல் கைக்கு வரும்போதெல்லாம் முதலாளியிடம் அவர் கேட்கும் கேள்வி அது, அவர் குரலிலேயே. யானை போனால் போகட்டும், "தோ, ஒரு பக்கம்" என்று சோற்றை மறந்து கிடந்த பெண் எங்கே போனாள்? பரிசை நிறுத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒருநாள் அதட்டியும் பார்த்தார். நிலா தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனாள். இதற்கிடையில் வேணுகோபால், கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு, முந்தானையில் புதிதாக ஏதாவது வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வைகாசியில் முகூர்த்தம்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், திருப்பிக் கொடுக்க மறந்த அந்தப் புத்தகம் பரசுராமன் காலில் இடறியது. எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று பார்க்கத் திறந்தார். எட்டாவதோடு நின்றவர். ஜக்கார்டு அட்டையில் இருக்கும் ஓட்டைகளைப் பார்த்தே பூவின் பெயரைச் சொல்லிவிடுவார், ஆனால் கதைப் புத்தகம் என்று ஒன்றைப் படித்ததில்லை. முதல் வரியிலேயே ஒரு படகோட்டி, கரைக்கு வர மறுக்கும் தன் படகைத் திட்டிக்கொண்டிருந்தான். திட்டு நன்றாக இருந்தது. என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று அடுத்த பக்கம் போனார். கால்கள் குழியில் தொங்க, தறி சும்மா நிற்க, எழுத்துக்கூட்டிப் படித்தார். லீலா வைத்துவிட்டுப் போன மோர் சூடாகிவிட்டது. படகு படகோட்டியைத் திருப்பித் திட்டும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் சைக்கிள் மணி நின்றது.

"இன்னாப்பா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ போய் வண்டி ஓட்டு."

இதில் தந்திரம் எதுவுமில்லை. அவள் போனால் தேவலை என்றுதான் அவர் நினைத்தார், ஏனென்றால் படகு சுழலில் மாட்டியிருந்தது. நிலா உள்ளே வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவர் இரண்டு வரி போவதற்குள் அவள் பக்கத்தையே முடித்துவிட்டு, "திருப்புப்பா, ஜல்தியா திருப்பு" என்று குதித்தாள். "இரும்மா, நான் இன்னும் முடிக்கல" என்று அவர் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டார். இழுபறியில் அட்டை கிழியப் பார்த்தது. லீலா வந்து இரண்டு பேரையும் ஒன்றாகத் திட்டி, புத்தகத்தை மகளிடமும் தறியில் நூல் ஓட்டும் நாடாவைப் புருஷனிடமும் கொடுத்தாள். "எனக்கும் கேக்கற மாதிரி சத்தமா படி, முதல்லருந்து" என்றார் பரசுராமன். நிலா பழைய இடத்தில் குப்புறப் படுத்தாள். என்ன தருவாய் என்று கேட்கவில்லை. அதைக் கவனித்த பரசுராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

கல்யாணப் புடவையின் முந்தானையில் படகு வந்தது, நடு ஆற்றில், சுழலில் பாதி சாய்ந்தபடி. நல்ல இடம் வந்தால் நிலா பின்னால் போய் மறுபடி படித்தாள். படகு கரை சேர்வதற்குள் புடவையின் நீளம் முடிந்துவிட்டது. நாள் நெருங்கியதால் அப்படியே அறுத்துக் கொடுத்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் வாரம் அந்தக் கல்யாணப்பெண், மஞ்சள் கயிறு மின்ன, ஆரணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று பரசுராமன் பயந்து எழுந்து நின்றார். "அந்தப் படகு இன்னாச்சுங்க? எனக்கு வேற வேலையே ஓடல" என்றாள் அவள். அவர் சொல்ல வாயெடுத்தார், நிலா விடவில்லை. "சொல்லாதப்பா, கெட்டுப்போவும். அக்காவே படிக்கட்டும்." நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்திருந்த புத்தகத்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து படித்தாள். மூன்று பஸ் போனது. தேடிக்கொண்டு வந்த மாப்பிள்ளையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தெருவில் பரிசுச் சட்டம் தானாகவே இல்லாமல் போனது. தனகோடி தங்கள் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிக்கிறார் என்று அவர் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். இப்போதும் முடியாத கதைகளோடு புடவைகள் போகின்றன, கட்டியவர்கள் மீதியைத் தேடி வருகிறார்கள், வேலூர் பஸ் கண்டக்டர்கள் அவர்களுக்காக இரண்டு நிமிடம் கூடுதலாக விசில் ஊதாமல் நிற்கிறார்கள். சில வாரங்களில் மாங்காய்தான் வரும். நிலாவுக்குக் காய்ச்சலாக இருக்கும், இல்லையென்றால் பரீட்சை. மாங்காயும் விற்கத்தான் செய்கிறது.

நிலாவுக்கு இப்போது பதிமூன்று வயது. போன மாதம் வேணுகோபால் முதலாளி, ஆசை அடங்காமல், ஒரு புது டேப்லெட்டைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். தீபாவளிக்குள் இருபது புத்தகம் என்று ஆரம்பித்தார். அவள் தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் பேசாம இருங்க மாமா. இங்க ஒருத்தன் பாறை இடுக்குல மாட்டிகினு இருக்கான்."

"எவன்? எங்க?" என்று பதறிவிட்டார் முதலாளி. அவள் புத்தகத்தை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். பரசுராமனும் குழியிலிருந்து ஏறி வந்து இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினார். அன்றைக்குத் தறியில் என்ன வந்திருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.