நிலைக்கும் சுவருக்கும் நாலு விரல்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வீடு கட்ட நினைத்தேன். முழு வேலையையும் ஒரே கொந்தராத்துக்காரரிடம் கொடுப்பதா, சுவருக்கு மேசன் வேறு, மரவேலைக்கு ஓடாவி வேறு என்று தனித்தனியாகப் பிடிப்பதா என்று பதுளையில் றஷீனாவிடம் கேட்டேன். அவருடைய வாப்பா இத்ரூஸ் அந்தக் காலத்தில் பேர்போன கொந்தராத்துக்காரர்.  பதிலுக்கு றஷீனா, வாப்பா கட்டாத ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். கட்டிய வீடுகளைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லையாம். கைக்கு வராத இந்த ஒன்றைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இத்ரூஸ் பார்த்தது தெருப் படலைக்கு வெளியே நின்று பார்த்ததுதான். உள்ளே நடந்ததெல்லாம் என் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூடுபனி பதுளைப் பள்ளத்தாக்கை மெல்ல மெல்ல—" (விட்டுவிட்டேன். பனி இருந்தால் சீமெந்து காயாது.)

பிறகு: "கனகசுந்தரம் ஒரு கஞ்சன்." (இதுவும் சரியில்லை. அவர் கஞ்சன் அல்ல. யாரையும் நம்பாதவர், அவ்வளவுதான்.)

ஆகவே அவருடைய மனைவியிடமிருந்து தொடங்குகிறேன்.

2

யோகமலர் பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தாள். கணவர் கனகசுந்தரம் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தேழாம் ஆண்டு ஹாலிஎல வீதியில் ஒரு சரிவு நிலத்தை வாங்கினார்கள். ஊரில் கட்டாமல் இங்கேயா கட்டுகிறீர்கள் என்று சொந்தக்காரர் எல்லோரும் ஒருமுறை கேட்டு, பதில் பிடிக்காமல் இன்னொருமுறையும் கேட்டார்கள்.

"இத்ரூஸ் முதலாளியிட்ட முழுசாக் குடுத்துவிடுவம்," என்றாள் யோகமலர். "ஒரு ஆளெண்டால் ஒரு ஆளோட மட்டும் சண்டை பிடிச்சால் போதும்."

"ஒருத்தன்ர கையில எல்லாத்தையும் குடுத்தால் அவன் என்ன செய்யிறானெண்டு ஆருக்குத் தெரியும்? மேசன் வேற, ஓடாவி வேற. ஆளையாள் சந்திக்காமல் இருந்தால் ரெண்டு பேருக்கும் பயம் இருக்கும்."

"ஆரைப் பார்த்துப் பயம்?"

"என்னைப் பார்த்து."

(வாசகர் இங்கே சிரிக்கலாம். அவர் சிரிக்கவில்லை.)

அப்படியே நடந்தது. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த இராமையா மேசன். சாவகச்சேரியிலிருந்து வந்து நகரத்தில் பட்டறை வைத்திருந்த நல்லையா ஓடாவி. ஒருவர் சுவர் கட்டினார், மற்றவர் பட்டறையில் கதவு செய்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி கனகசுந்தரம் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

3

சுவர்கள் தோளுயரம் வந்தபோது கனகசுந்தரத்துக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது.

(கதையை நகர்த்த ஆசிரியர் செய்த வேலை இது என்று நீங்கள் சந்தேகிக்கலாம். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த அந்த வருடங்களில் ஒரு தமிழ்க் கிளாக்கரை மாற்றுவதற்கு எந்த ஆசிரியரும் தேவைப்படவில்லை.)

ஒரே கொந்தராத்துக்காரர் வேண்டும் என்று கேட்டவளின் தலையில் இப்போது எல்லோரும். பள்ளிக்கூடம் விட்டதும் குடையோடு நேரே நிலத்துக்குப் போவாள். குடியிருந்த வாடகை வீட்டைப் பொங்கலுக்கு முன் விடும்படி சொந்தக்காரர் சொல்லிவிட்டார். மழை தொடங்கிவிட்டது.

கதவு மாட்டும் வாசல் நிலை வண்டியில் வந்த அன்று அது சுவருக்குள் போகவில்லை. நிலை நாலு விரல் அகலம் கூடுதல்.

"ஐயா சொன்ன அளவுதாங்க டீச்சர் விட்டிருக்கேன்," என்றார் இராமையா. "கயித்துல முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

பட்டறைக்குப் போனாள். "எனக்கும் ஐயா சொன்ன அளவுதான்," என்றார் நல்லையா. "இது பாலை மரம். இதை வெட்டச் சொல்லுறதுக்கு என்ர கையை வெட்டச் சொல்லலாம்."

இரண்டையும் அளந்து பார்த்தாள். கனகசுந்தரம் இருவருக்கும் ஒரே அளவைத்தான் சொல்லியிருந்தார், கதவின் அளவை. மேசன் அந்த அளவுக்குச் சுவரில் இடம் விட்டார். ஓடாவி அந்த அளவுக்குக் கதவைச் செய்து, கதவைச் சுற்றி நிலையைச் செய்தார். நிலையும் சுவருக்குள்தான் போகவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய இருவரும் சந்தித்ததே இல்லை.

இராமையா கரண்டியைக் கழுவிக்கொண்டு போனார். நல்லையா பட்டறைக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் இத்ரூஸ் படலையில் வந்து நின்றார். "இப்ப சரி சொல்லுங்க டீச்சர். முழு வேலயயும் நா எடுக்கிறன். இவங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுவோம். நீங்க ஒண்டும் யோசிக்கத் தேவல்ல."

(என் முதல் பிரதியில் யோகமலர் உடனே சம்மதித்தாள். வீடு நன்றாக எழும்பியது. கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. அவள் ஏன் சம்மதிக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. இத்ரூஸின் ஆட்கள் அந்த நிலையை ஒருதரம் அளந்தால் போதும், பிழை யாருடையது என்று நகரம் முழுக்கத் தெரிந்துவிடும். கச்சேரியிலும் தெரிந்துவிடும். இப்போதைக்கு அதுதான் காரணம்.)

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள்.

4

அவள் முதலில் செய்தது, கணவர் கவனமாகத் தவிர்த்ததை. இராமையாவையும் நல்லையாவையும் ஒரே நேரத்தில் வரச்சொன்னாள். இருவரும் பாதிச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, வேறு வேறு மலைகளைப் பார்த்தார்கள்.

"பிழை என்ர," என்றாள் யோகமலர். "ஐயா மன்னாருக்குப் போகமுதல், நிலையையும் சேர்த்து இடம் விடச் சொல்லி என்னட்டச் சொன்னவர். நான் உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

பொய். ஒரு கணக்கு ரீச்சர் கணக்கில் பிழைவிட்டதாகச் சொன்ன பொய்.

"அட, அதுக்கென்னங்க," என்றார் இராமையா. "மறக்கிறது எல்லாருக்கும் உள்ளதுதானே. அந்தப் பக்கம் கொஞ்சம் இடிச்சு விடுறேன்."

"கனக்க இடியாதையும்," என்றார் நல்லையா, முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்து. "நான் ஒரு விரல் சீவித் தாறன்."

கையை வெட்டுவது பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் கூரையைப் பற்றிப் பேசினார்கள், படியைப் பற்றிப் பேசினார்கள். அவளிடமும் கேட்டார்கள். கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. சமைக்கிற குசினியில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள். கனகசுந்தரம் போட்ட வீட்டுப் படத்தில் அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. இராமையா சுவரை உடைத்தார். அன்று வீட்டுக்கு நடந்துபோகும் வழியில், இத்ரூஸ் கேட்டால் மாட்டேன் என்று சொல்லவேண்டும் என்று அவள் முடிவெடுத்திருந்தாள். (மேலே அடைப்புக்குள் நான் எழுதிய காரணம் இனிச் செல்லாது.)

5

கனகசுந்தரம் சொல்லாமல் வந்து இறங்கினார். நேரே இத்ரூஸிடம் போனார். நிலையும் சுவரும் பொருந்தாத சங்கதி அவருக்கு அங்கே கிடைத்தது. வழியில் நல்லையாவின் பட்டறையில் வேலைப்பையனிடம் மீதியும் கிடைத்தது: ஐயா சொன்னதை ரீச்சர் மறந்துவிட்டார்.

அப்படி எதையும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நம்பினார். அவ்வளவு சரியான ஒரு யோசனையை வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

"படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லே!" நிலத்துக்கு வந்ததும் யோகமலரைப் பார்த்துக் கத்தினார். இராமையாவும் நல்லையாவும் நிலையைத் தூக்கி நிறுத்தப்போன நேரம் அது. "ஒரு சொல்லு! அதை ஞாபகம் வைச்சுச் சொல்ல ஏலாமல் போச்சோ? இனி இது உமக்குச் சரிவராது. இத்ரூஸிட்டயே குடுக்கிறன். அண்டைக்கு நீர் கேட்டதுதானே."

இருவரும் நிலையைக் கீழே வைத்தார்கள். இத்ரூஸ் படலையில் காத்திருந்தார்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். வேலையாட்கள் முன்னால் கனகசுந்தரம் சிறுத்துப்போகிறார். (நியாயமான முடிவு. அதன் பிறகு அந்த வீட்டில் இருவரும் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எழுத எனக்கு வரவில்லை.)

ஆ) அவள் பேசாமல் இருக்கிறாள். இராமையாவும் நல்லையாவும் வீட்டுக்குப் போகிறார்கள். குசினி ஜன்னல் மறுபடியும் சுவராகிறது. (எழுதிவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

இ) அவள் சிரிக்கிறாள், ஏனென்றால்— (இல்லை.)

நடந்ததில் தெரிந்தது இவ்வளவுதான். மழை கொட்டியது. பாதிக் கூரைக்குத் தகரம் போட்டிருந்ததால் படலைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. யோகமலர் கணவர் பக்கத்தில் போய் நின்று, மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டியபடி, ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை. கனகசுந்தரம் நிலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் உதடு இரண்டு கணக்கைக் கூட்டுவதுபோல அசைந்ததாம். பிறகு தகரத்தின் கீழே ஒதுங்கிச் சப்பாத்தைக் கழற்றி வைத்தார், கால்சட்டையை மடித்தார், குனிந்து நிலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை இராமையா பிடித்தார். படலையில் நின்றவரை யாரும் கூப்பிடவில்லை. இத்ரூஸ் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சிறிதாக இருக்கட்டும். பின்னால் நிற்கும் இருவருக்கும் கேட்காமல் இருக்கட்டும். ஒரு மனிதர் சப்பாத்தைக் கழற்றும்படி இருக்கட்டும்.