தாஸ் வீடு இறங்கிய விதம்

விவேக் நகரில் தாஸ் குடியிருந்த வீடு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூமிக்குள் இறங்க ஆரம்பித்தது. விரிசல் விடவில்லை, சத்தம் போடவில்லை, அடுப்பில் கொதித்த ரசம்கூடத் தளும்பவில்லை. மறுநாள் பால்காரர் வாசற்படியைத் தேடிக் குனிந்தபோதுதான் தெருவுக்கே தெரிந்தது. மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரி லட்சுமம்மாவுக்கு முட்டிவலி. அவள் ஏறவேண்டிய படிகள் வாரத்துக்கு வாரம் குறைந்து, மழைக்காலம் முடிவதற்குள் மாடியே தரைத்தளமாகிவிட்டது. "பிடப்பா, என் முட்டிக்குத் தேவரு வழி பண்ணாரு" என்று கன்னடம் கலந்து கடவுளுக்கு நன்றி சொன்னவள் ஒரு புகாரும் கொடுக்கவில்லை. வார்டு இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்து, அனுமதியில்லாமல் பேஸ்மென்ட் கட்டியதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். குழந்தை இயேசு கோவிலுக்கு வியாழக்கிழமை நவநாள் செபத்துக்கு வருகிற கூட்டம் திரும்பும்போது பள்ளத்தை எட்டிப் பார்த்து, மீந்த மெழுகுவத்தியை விளிம்பில் ஏற்றிவைத்தது.

கீழ்வீட்டில் தாஸ் குடும்பம் மூன்று பேர். தாஸ் கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றுகிற கூண்டு கம்பி வடத்தில் தொங்கும். வடத்தைச் சுற்றுகிற இன்ஜின் மேலே கொட்டகையில் இருக்கும். ஓட்டுகிறவனுக்குக் கூண்டும் தெரியாது, ஆளும் தெரியாது. கீழேயிருந்து வருகிற மணிதான் அவனுக்குக் கண். மணி வராமல் கை நகரக் கூடாது. சுரங்கத்தை இழுத்து மூடும்வரை அப்படியே வேலை பார்த்தவர், மகன் கிளெமென்ட் விமானியானதும், "எங்கப்பன் பூமிக்குக் கீழ, நான் பூமி மேல, இவன் அதுக்கும் மேல" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். மருமகள் ஆஞ்சலா பிரேசர் டவுனில் பள்ளிக்கூட டீச்சர்.

கிளெமென்ட் ஓட்டியது சின்னக் கம்பெனியின் புரொப்பெல்லர் விமானம். ஹூப்ளி, கடப்பா, சேலம் என்று காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற ஓட்டம். துணை விமானியாக இருந்தவனுக்குக் கேப்டன் நாற்காலி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்த நேரத்தில்தான் பெரிய கம்பெனி கூப்பிட்டது. ஜெட் விமானம், வெளிநாட்டு ஓட்டம். ஆனால் டெல்லிக்குக் குடிபோக வேண்டும், மறுபடி துணை விமானியாக வரிசையின் வாலில் நிற்க வேண்டும், அஞ்சு வருஷம் வேறெங்கும் அசையமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சின்னக் கம்பெனியும் லேசுப்பட்டதில்லை. கேப்டன் பட்டையை வாங்கிக்கொண்டால், விலகுவதை ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனி அத்தனை காலம் காத்திருக்காது. ரெண்டு கதவு திறந்திருக்கிறது, கொடுத்துவைத்தவன் என்று தெருவில் பேசினார்கள். இரண்டுமே வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுகிற கதவு என்பது அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"காத்தாடி கட்டுன வண்டிய இன்னும் எத்தினி நாளைக்கு ஓட்டுவீங்க?" என்றாள் ஆஞ்சலா. "உங்ககூடப் படிச்சவங்க எல்லாம் பாரிஸ் போய்ட்டு வராங்க. நீங்க கடப்பா போய்ட்டு வரீங்க."

"நைனாவ யாரு பாத்துக்கறது?" என்று கிளெமென்ட் அப்பாவைக் காட்டினான்.

"கூட்டினு போலாம்."

தாஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "நான் வரல. அங்க மணி அடிச்சாலும் இந்தியில அடிப்பான்."

கிளெமென்ட் இரண்டு கம்பெனிக்கும் போனில் "ஆகட்டும் சார்" என்றே சொல்லிவந்தான். வீடு இறங்கிக்கொண்டே போனது. ஜன்னலுக்கு வெளியே முதலில் செம்மண் வந்தது, பிறகு பலாமர வேர், பிறகு கரண்ட் கேபிள், அதற்கும் கீழே வெள்ளை ரேகை ஓடிய கல். தாஸ் ஜன்னல் வழியாக அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, நம்ம ஊர்க் கல்தான் என்றார். புழுக்கம் கூடியது. தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்குப் போகிற கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தால், கிளெமென்ட் வெள்ளைச் சட்டையோடு ஏணியில் ஏறி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஆகாயத்துக்குப் போனான். மேலே பறக்கும்போது அடைக்காத காது வீட்டுக்குள் வந்ததும் அடைத்துக்கொண்டது.

தாஸின் வலது கை நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடியே இருந்தது. இடது கையால் சாப்பிட்டார். நரம்புக் கோளாறு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஆஞ்சலா, அந்தக் கை மயிரிழை முன்னால் நகர்வதையும், அதே நேரம் ஜன்னலில் கல் மயிரிழை மேலே போவதையும் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாமா, நீங்கதான் எறக்குறீங்களா?"

"மணி வந்துச்சு, எறக்குறேன்" என்றார் தாஸ். இதை இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம். வீடு இறங்க ஆரம்பித்த அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய கம்பெனிப் பத்திரம் கொண்டுவந்த கொரியர்காரன் காலிங் பெல்லை மூன்று தரம் அழுத்தினான். சுரங்கத்தில் மூன்று மணி என்றால் கூண்டில் ஆள் ஏறியாயிற்று. சாயங்காலம் கிளெமென்ட் வழக்கம்போல இரண்டு தரம் அழுத்தினான். இரண்டு என்றால் இறக்கு.

"நான் தெனம் அப்படித்தானே அடிக்கிறேன், நைனா?" என்றான் கிளெமென்ட்.

"தெனம் மூணு முன்னாடி வரலயே."

"செரி, கைய எடுங்க."

"மணி வராம எடுத்தா வடம் அறுந்து போவும்டா. ஒண்ணு அடி, நிறுத்துறேன். நின்ன பெறவு இன்னொண்ணு அடி, ஏத்துறேன். ஆனா எந்த லெவல்ல எறங்கறன்னு முடிவு பண்ணாதவன் மணியத் தொடக் கூடாது. அது ரூல்."

"மேல ஏத்திட்டா?"

"கூண்டு மேல வந்துட்டா எல்லாரும் எறங்கியாவணும். உள்ள ஒருத்தனும் நிக்கக் கூடாது. இன்ஜின் ஓட்றவன், நான் மட்டும் இங்கயே இருப்பேன்."

அதற்குப் பிறகும் கிளெமென்ட் ஒரு வாரம் ஹூப்ளிக்கும் கடப்பாவுக்கும் போய்வந்தான். ஆஞ்சலா அவனோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைத்தாள். பெரிய கம்பெனி குறித்த கெடுவின் கடைசி நாள் மத்தியானம், அவன் கேப்டன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சின்னக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, காலிங் பெல்லை ஒரு தரம் அழுத்தினான். வீடு நின்றது. ரசம் அன்றும் தளும்பவில்லை.

"இன்னொண்ணு அடிங்க" என்றாள் ஆஞ்சலா. "மேலயாவது போலாம்."

கிளெமென்டின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அப்பா அவனைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மணிக்காக. கிளெமென்ட் விரலை எடுத்துக்கொண்டான். ஆஞ்சலா வெங்காயம் அரியப் போனாள்.

பள்ளத்துக்குச் சிமெண்ட் படி கட்டியாயிற்று. லட்சுமம்மா விளிம்பில் துளசிச் செடி வைத்திருக்கிறாள். கேப்டன் கிளெமென்ட் தினமும் படியேறிப் போய், விமானம் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கி, மறுபடி படியிறங்கி வீட்டுக்கு வருகிறான். தாஸ் இன்னும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். வருகிறவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது, படி முடிகிற இடத்தில் நின்று குரல் கொடுக்கிறார்கள், காலிங் பெல்லை யாரும் தொடுவதில்லை.