பார்வதி பெயரில் நான்கு பார்சல்

அந்த அழைப்பு வந்தபோது பார்வதி கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தாள். காலை எட்டே கால். இன்னும் பத்து நிமிடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மாலை ஐந்தரைக்கு வெளியே வரும்வரை அதைத் தொட முடியாது. மின்னணு போர்டுகள் செய்கிற அந்தக் கம்பெனியில் அவள் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

"அக்கா, பார்சல் விசயமா பேசுறேன். மிக்ஸி ஜாரு ஆர்டர் போட்டிருந்தீகளா?"

'போட்டிருந்தீகளா' என்ற ஒரு சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஓசூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. லைனில் இடது பக்கம் உட்காருகிறவள் கன்னடம், வலது பக்கம் தெலுங்கு, சூப்பர்வைசர் வினோதா தருமபுரி. சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்க வீட்டில் கணவன் தங்கதுரையை விட்டால் வேறு ஆள் இல்லை.

"நம்ம அருப்புக்கோட்டைப் பக்கமா தம்பி நீங்க?"

"ஆமாக்கா. பொழப்புக்கு இங்கிட்டு வந்து கெடக்கோம்."

வீட்டு நம்பரில் ஏதோ மாறிக் கிடக்கிறது, ஒரு ஓடிபி வரும், சொன்னால் சரிசெய்து இன்றைக்கே கொண்டுவந்து விடுவேன் என்றான். அவள் சொன்னாள். "சாப்டீகளா தம்பி?" என்றும் கேட்டாள். வரிசை நகர்ந்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

மாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பொருள் வாங்கும் செயலியைத் திறந்தால் அது புதிதாக வந்த ஆளிடம் கேட்பதுபோல் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பழைய பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்றது. வீட்டுக்கு வந்து மகளிடம் கொடுத்தாள். சுப்ரியா பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிக்க கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கி வைத்திருந்தாள். அவள் அம்மாவின் மெயிலைத் திறந்து பார்த்தாள். அதுவரை அந்த மெயிலை யாரும் திறந்ததே இல்லை.

"அம்மா, நாலு போன் வாங்கியிருக்கீங்க."

"நானா?"

"உங்க பேருலதாம்மா. கடனுக்கு."

இரண்டு வருடம் முன்பு தீபாவளிக்கு பிரிட்ஜ் வாங்கும்போது, இப்போது வாங்கிப் பிறகு தவணையாகக் கட்டலாம் என்று ஒரு கட்டம் வந்தது. பார்வதி 'சரி' என்று அழுத்தியிருந்தாள். பிரிட்ஜ் கடன் முடிந்த பிறகும் அந்த வசதி திறந்தே கிடந்திருக்கிறது. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் யாரோ அதை அடிவரை வழித்து எடுத்திருந்தார்கள். பார்சல் போய்ச் சேர வேண்டிய விலாசம் அத்திப்பள்ளி. ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால் அடுத்த ஊர்.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தார்கள். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். இந்தக் கணக்கில் வேறு எண்தான் இருக்கிறது, அந்த எண்ணிலிருந்து பேசினால்தான் ஆர்டரை ரத்து செய்ய முடியும் என்றாள். அந்த எண் திருடனுடையது என்று சுப்ரியா மூன்று தடவை சொன்ன பிறகு, புகாராக எடுத்துக்கொள்வதாகவும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வரும் என்றும் சொன்னாள்.

"கடைசியா ஒண்ணு மேடம். ஓடிபியை யாருக்காவது ஷேர் பண்ணீங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கதுரை, இல்லை என்று சொல் என்பதுபோல் தலையை ஆட்டினான். பார்வதி அவனைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துக் குனிந்து, "சொன்னேம்மா. பார்சல்காரத் தம்பின்னு நெனச்சுச் சொல்லிட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நாற்பத்தெட்டு மணி நேரம் முடிவதற்குள் மூன்று பார்சல் போய்ச் சேர்ந்ததாக மெயில் வந்தது. மறுநாள் நான்காவதும் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த நாள் புகாருக்குப் பதில் வந்தது. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்துகொண்டதாக ஒப்புக்கொண்டதால் நிறுவனம் பொறுப்பேற்க இயலாது.

"நீ எதுக்குப் புள்ள சொன்ன?" என்று தங்கதுரை கேட்டான். அவன் கேட்டது எதை என்று அவளுக்குத் தெரியவில்லை. திருடனிடம் சொன்னதையா, அந்தப் பெண்ணிடம் சொன்னதையா. லைனில் உட்கார்ந்து போர்டில் சின்னச் சின்ன உதிரிகளைப் பொருத்தும்போது அந்தப் பேச்சு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும். ஊர்ப் பெயரை முதலில் சொன்னது அவன் இல்லை, தான்தான் என்பது மூன்றாவது நாள்தான் அவளுக்கு உறைத்தது. அவன் வெறுமனே ஆமாம் போட்டிருக்கிறான். மீதியை அவளே செய்துகொண்டாள்.

ஒருநாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றையும் ஏற்றினார், புகார் வந்ததற்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்.

"டெலிவரி கர்நாடகாவுல ஆயிருக்குதுமா. அங்க எழுதிப் போட்டுக் கேக்கணும். போன் பண்ணவன் நம்பரு வடக்க எங்கியோ காட்டுது. இந்த மாதிரி எங்ககிட்ட நெறைய கெடக்குது. நாளாகும்."

"எத்தன நாளு சார்?"

"அத எப்படிமா நான் சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கதுரைக்கு ஓவர்டைம் இருந்தது. பார்வதி விலாசத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். எல்லையிலிருக்கும் ஜூஜூவாடி தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. அத்திப்பள்ளியில் இறங்கி, இரண்டு இடத்தில் கேட்டு, போர்வெல் பைப் விற்கும் கடைக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒற்றை அறை. வாசலில் தையல் மெஷின். அதில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பேக்கு?" யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டாள்.

வரும் வழியெல்லாம் பார்வதி என்னென்னவோ கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தாள். திருடனின் கூட்டாளி ஒருவனைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்திருந்தாள். இப்போது சீட்டை மட்டும் நீட்டினாள். "என் பேரு பார்வதிங்க."

அந்தப் பெண் மெஷினை நிறுத்தினாள். சீட்டையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, "தமிளா? உள்ள வாம்மா" என்றாள்.

அவள் பெயர் மங்கம்மா. புருஷன் செத்து ஆறு வருடம். வீட்டிலிருந்தே வேலை என்று போனில் ஒரு மெசேஜ் வந்ததாம். கம்பெனி பார்சல் வரும், வாங்கி வைக்க வேண்டும், பைக்கில் ஒருத்தன் வந்து எடுத்துக்கொள்வான், பார்சலுக்கு நூறு ரூபாய்.

"எந்தப் பேரு கேட்டாலும் ஆமானு சொல்லணும். அவ்வளவுதான் வேலை. நாலு நாளு நான்தான் பார்வதி. அதுக்கு முன்னாடி யாரோ பாத்திமா. ஒருவாட்டி ஆம்பளைப் பேருகூட வந்திச்சு, அவரு சம்சாரம்னு சொன்னேன்."

"அது திருட்டுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

மங்கம்மா மடியில் கிடந்த பாவாடைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். "நல்ல வேலையா இருந்தா எனக்கு யாரு குடுப்பாங்கன்னு ஒருவாட்டி நெனச்சேன்" என்றாள். "அப்புறம் நெனைக்கல."

கடைசிப் பத்து பார்சலுக்குப் பணம் வரவில்லை. அவன் நம்பரும் அணைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து துணி மூட்டையை நகர்த்தி, பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்தாள். மேலே பார்வதியின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது.

"இது அவன் எடுக்கல. உன் பேருதானே. கொண்டு போ. எனக்கு இத வீட்டுல வச்சுக்க பயமா இருக்குது."

கிளம்பும்போது இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். பல நாளுக்குப் பிறகு நெஞ்சில் ஒரு லேசான உணர்வு இருந்தது. பொருளே கையில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் ஒன்றாவது குறையும், மற்றதையும் நம்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் சுப்ரியாவை விட்டு வாடிக்கையாளர் சேவைக்கு அடிக்கச் சொன்னாள். இந்தத் தடவை ஒரு பையன் பேசினான்.

"அப்ப பொருள் இப்ப உங்ககிட்டதான் இருக்குதுங்களா மேடம்?"

"ஆமா தம்பி. பிரிக்கவே இல்ல. வந்து எடுத்துக்கங்க."

நல்லது மேடம், பதிவு செய்துகொண்டோம் என்றான்.

மூன்று நாள் கழித்து மெயில் வந்தது. சுப்ரியா அதை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். பார்வதி கேட்ட பிறகுதான் சொன்னாள். பொருள் தன் வசம் இருப்பதை வாடிக்கையாளரே உறுதி செய்திருக்கிறார், ஆகவே நான்கு ஆர்டர்களும் அவருக்கே கிடைத்ததாகக் கொள்ளப்படுகிறது, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது.

பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அதே போலீஸ்காரர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"நீங்க ஏம்மா போயி எடுத்தீங்க? அங்கயே இருந்திருந்தா எங்களுக்கு ஒரு பிடி. இப்ப நாளைக்கு எவனாச்சும் நீங்களே ஆள வச்சு வாங்குனீங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீங்களே வச்சுக்கங்க சார்."

"கேசு போடாம நான் எதுலமா வைக்கிறது? பத்தரமா வைங்க. பிரிக்காதீங்க."

அதன்பின் எல்லாம் வரிசையாக நடந்தது. முதல் தவணையை அவர்கள் கட்டவில்லை. செய்யாத தப்புக்கு ஏன் கட்ட வேண்டும் என்று தங்கதுரை சொன்னான். இரண்டாவது மாதம் சுப்ரியாவின் கல்விக் கடனுக்காக பேங்குக்குப் போனபோது, அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, அம்மா பெயரில் கட்டாத பாக்கி காட்டுகிறது, சிபில் என்கிற கடன் மதிப்பெண் மோசமாக இருக்கிறது, இப்போதைக்கு முடியாது என்றார். பார்வதி போலீஸ் சீட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை முழுதாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வசூல்காரர்கள் பகலில் அடிக்கும்போது போன் லாக்கரில் இருந்தது. அதனால் அவர்கள் கம்பெனிக்கே அடித்தார்கள். வினோதா லைனுக்கு வந்து, தோளைத் தொட்டு, ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஆபீஸ்ல யாரோ உங்களைக் கேட்டு அசிங்கமா பேசுறாங்களாம். எச்ஆர்ல எங்கிட்டச் சொல்லி உடறாங்க. என்னன்னு பாத்துக்குங்க. காண்ட்ராக்ட் ரினியூவல் வேற வருது."

அன்று மாலை தங்கதுரை கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு, கட்டிவிடலாம் என்றான். மாதத் தவணை பதினோராயிரம், பன்னிரண்டு மாதம், அபராதம் தனி. கல்லூரியில் இடத்தை இனிமேல் பிடித்துவைக்க முடியாது என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். சுப்ரியா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

"அந்தப் பெட்டிய வித்துத் தொலைப்போம். ரெண்டு மாசத்துக்கு ஆகும்" என்றான் தங்கதுரை.

"வேணாங்க. வித்தா நெசமாவே நம்மதுன்னு ஆயிரும்."

"இப்ப மட்டும் யாருதுன்னு சொல்ற?"

மங்கம்மா போன் செய்தது அந்த வாரம். அழுதுகொண்டே பேசியதால் பாதி கன்னடமாக இருந்தது. அந்தப் பைக்குக்காரன் வந்தானாம், கூட இன்னொருத்தனும். பெட்டி எங்கே என்று கேட்டுத் தையல் மெஷினை எட்டி உதைத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பார்சலும் வாங்கியது அவள்தான் என்று போலீசில் கொடுப்பார்களாம்.

"தாயி, அதக் குடுத்துரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

போனை வைத்த பிறகு பார்வதி பீரோவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். கம்பெனி வேண்டாம் என்றது. போலீஸ் வேண்டாம் என்றது. வேண்டும் என்று கேட்கிறவன் திருடன் ஒருத்தன்தான். கொடுத்தால் அவன் ஜெயித்துவிடுவான். ஆனால் அவன் ஜெயித்து ரொம்ப நாளாகிவிட்டது. அடுத்து மங்கம்மாவும் உதை வாங்குவாள் என்பது மட்டும்தான் மிச்சம்.

போலீஸ்காரரிடம் போய்ச் சொன்னாள். அவன் வரும்போது அவசர நம்பருக்கு அடிக்கச் சொல்லுங்கள் என்றார். மங்கம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள் போனைத் துண்டித்துவிட்டாள்.

தங்கதுரையிடம் சொல்லாமல், ஞாயிறு விடிந்ததும் பெட்டியை ஒயர் கூடையில் போட்டு, மேலே நாலு கத்திரிக்காயை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அத்திப்பள்ளி சந்தில் பைப் கடை திறந்திருந்தது. மங்கம்மாவின் வீட்டில் பூட்டு தொங்கியது. வாசலில் தையல் மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் நூல் துணுக்குகளும் மட்டும் கிடந்தன.

"காலி பண்ணிட்டாங்க" என்றார் பைப் கடைக்காரர். "முந்தாநேத்து. எங்கன்னு சொல்லல. நீங்க அவங்களுக்கு என்னாகணும்?"

பார்வதி யோசித்தாள். "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

மங்கம்மாவின் நம்பருக்கு அங்கேயே நின்று அடித்தாள். உபயோகத்தில் இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னது. பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரையும் எதற்கு இதில் இழுப்பது என்று வந்த பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் சுப்ரியா கட்டிலில் காகிதங்களைப் பரப்பி வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆதார் நகல், இரண்டு போட்டோ, அம்மாவின் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டரின் விண்ணப்பம்.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்கம்மா. டிரெய்னி. ஒரு வருசந்தான், அப்புறம் படிக்கிறேன்."

பார்வதி கூடையைக் கீழே வைத்தாள். கத்திரிக்காய்களை எடுத்துத் தட்டில் போட்டாள். பெட்டியை எடுக்கவில்லை. படிக்க வேண்டியவள் நீ என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"எந்த யூனிட்டு?"

"ரெண்டாவதுன்னாங்க."

"அதுக்கு பஸ்ஸு முன்னாடியே வந்துரும்" என்றாள் பார்வதி. "அஞ்சு மணிக்கே எந்திரிக்கணும்."