எனக்கு வயிற்று வலி இல்லை

சாப்பாட்டின் நடுவே மாமனார் மறுபடியும் எழுந்தார். மகன் நாற்காலியை இழுத்து வழிவிட்டான். மாமியார் முன்னால் ஓடிப்போய்க் கழிப்பறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

"பாவம், மனுஷனால ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியல," என்றாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மருமகள் எழுந்தாள்.

"உக்காரு," என்றாள் மாமியார். "ஆம்பளைங்க சாப்பிடறப்ப அப்படி என்ன அவசரம்? இப்பதானே போயிட்டு வந்தே. உள்ள என்ன தனிக்குடித்தனமா நடத்தறே?"

கணவன் சிரித்தான். மருமகள் உட்கார்ந்தாள். அடிவயிற்றில் யாரோ சூடு வைப்பது போல் இருந்தது. தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான மறு வருஷமே தொடங்கிய வேதனை இது. மூத்திரப்பை நிறைய நிறைய எரியும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் ஒரு வரிசைக்கு ஒரே ஒரு அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். அட்டை பெரும்பாலும் அவள் கழுத்திலேயே கிடந்ததால் பக்கத்து மெஷின்காரிகள் அவளுக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்தார்கள். சூப்பர்வைசரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் நோயை டாக்டரிடம் சொல்வது பெண்கள் அல்ல. கணவன் கூட வருவான், அவன்தான் பேசுவான். மூத்திரம் என்ற வார்த்தை அவன் வாயில் வராது. "இவளுக்கு வயித்து வலி டாக்டர்," என்பான். டாக்டரும் அவனைப் பார்த்தே கேட்பார், அவன் கையிலேயே சீட்டைக் கொடுப்பார். அல்சருக்கு மாத்திரை, வாயுவுக்கு மாத்திரை, பூச்சிக்குக்கூட மாத்திரை. கடைசியாகப் பார்த்தவர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, கிருமி ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு மனசு வியாதி.

மாமனார் கதை வேறு. அவருக்கு எப்படிப் போகிறது, எப்போது நிற்கிறது என்பதெல்லாம் பக்கத்து வீடு வரை தெரியும். மூத்திரப்பைக்கு நல்ல டாக்டர் யார் என்று நாலு பேரிடம் விசாரித்து மகனே நேரம் வாங்கினான். அன்று பார்த்து அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகள் அழைத்துப் போனாள்.

டாக்டர் ஒரு பெண். மாமனார் கூசவில்லை. சொட்டுச் சொட்டாக வருவதிலிருந்து எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டு மருந்து எழுதினார். மாமனார் எழுந்தார். மருமகள் எழவில்லை.

"வாம்மா, போலாம்."

"எனக்கும் இருக்கு டாக்டர்," என்றாள். "மூத்திரம் போறதுலதான். நாலு வருஷமா."

மாமனார் கதவைப் பார்த்தார். "இவளுக்கு வயித்து வலி டாக்டர். ஏம்மா, இது ஆம்பளைங்க சமாச்சாரம் பாக்கற இடம்."

"மூத்திரப்பையைப் பொம்பளைங்களுக்கும் வச்சுத்தான் அனுப்பியிருக்காங்க பெரியவரே," என்றார் டாக்டர். "நீ சொல்லும்மா. நிறையறப்ப வலிக்குதா, போறப்ப வலிக்குதா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவள் சொல்லத் தொடங்கினாள். அட்டையைப் பற்றியும் சொன்னாள், குடிக்காத தண்ணீரைப் பற்றியும் சொன்னாள்.

"பையோட உள்சுவர்ல கோளாறு இருக்கலாம். உள்ள பாத்துட்டுச் சொல்றேன். அடியோட போயிடும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனா கட்டுக்குள்ள வைக்கலாம். தண்ணிய மட்டும் நிறுத்தாதே."

"அப்ப இது மனசு இல்லையா டாக்டர்?"

"இவ்ளோ வலியோட மெஷின் மிதிக்கறே. உன் மனசு கெட்டியாத்தான் இருக்கு."

விஷயம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது.

"மாமனாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பேச்சைப் பேசினியா?" மாமியார் சமையலறை வாசலை மறித்து நின்றாள். "நாங்கெல்லாம் அடக்கிட்டு இருக்கலையா? எங்களுக்கெல்லாம் எரியலையா?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உங்களுக்கும் சேர்த்து நேரம் வாங்கட்டுமா அத்தை?"

மாமியார் விலகி வழிவிட்டாள்.

உள்ளே பார்த்த டெஸ்ட்டின் முடிவு வந்த அன்று கணவன் கூட வந்தான். வழக்கம்போல் டாக்டருக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"இவளுக்கு வயித்துல…"

"எனக்கு வயித்து வலி இல்லைங்க," என்றாள் அவள். "நீங்க எந்திரிங்க. நான் அங்க உக்காரணும். வெளிய இருங்க, வேணும்னா கூப்பிடறேன்."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து வெளியே வந்து, வயதான ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் இடம் தேடினான். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். போன் அடித்தது. அம்மா.

"டாக்டர் என்னடா சொன்னாங்க?"

அவன் மூடிய கதவைப் பார்த்தான்.

"தெரியலம்மா. இன்னும் அவதான் பேசிட்டிருக்கா."