ஒற்றைக் காலில் நின்ற மச்சான்

குளங்களைக் காப்பாற்றும் வேலையில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இதுவரை எந்தக் குளமும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவற்றில் முக்கால்வாசி இப்போது கார் நிறுத்துமிடம். "போகட்டும், அங்கே உன் காரை நிறுத்திக்கலாமே" என்று அலுவலகத்தில் ஆறுதல் சொன்னார்கள். அவளிடம் கார் இல்லை.

நகரசபையின் விசாரணை அறையில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி மனுக்காரர்களைச் சீக்கிரம் எழுப்பி அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டது போலிருந்தது. இன்றைய குளம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருப்பது. அதையும் தூர்த்து வண்டி நிறுத்த ஒரு கம்பெனி கேட்கிறது. வலசைப் பறவைகள் பதினைந்து வருடம் விடாமல் வந்து தங்கிய குளத்தைத் தூர்க்கக் கூடாது என்று விதி. அவள் அலுவலகத்திடம் ஆறு வருடக் கணக்குத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வருடங்கள் எல்லாம் அப்பாவின் நீல நோட்டில் இருந்தன.

அப்பா அந்தச் சலவைக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குளக்கரையில் உட்கார்ந்து, ஒரு கையில் சோற்று டப்பாவும் மறு கையில் பேனாவுமாகப் பறவைகளை எண்ணியவர். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோட்டு தமிழில் இருந்தது, இந்த நாட்டுச் சபைக்குத் தமிழ் தெரியாது. சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போடாத எதையும் சபை தொடாது. மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தான். தங்கமான மனிதர், ஒரு கமாவைக்கூட விடமாட்டார். வினையே அங்கேதான் வந்தது.

கம்பெனி வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மொழிபெயர்ப்பை வாசித்தார். "'மனைவியின் சகோதரர் வந்தார். உடன் நால்வர்.' மறுநாள், 'மனைவியின் சகோதரர் நாள் முழுவதும் பிடிவாதம் பிடித்தார்.' அடுத்த வாரம், 'மனைவியின் சகோதரர் மீன் தின்றார். சொல்லாமல் போய்விட்டார்.'" தாளைக் கீழே வைத்தார். "இது பறவைக் கணக்கு இல்லீங்க. ஒரு மனுஷன் மச்சினன்கிட்ட பட்ட பாடு."

அறை சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது அவருக்குத் தெரிந்த பறவை ஒன்றுகூட இங்கே இல்லை. கூட வேலை செய்தவர்களைக் கேட்டால் "அதுவா? பறவை" என்றார்கள். பேரில்லாத ஜீவனோடு பேசிப் பழக அவருக்கு வரவில்லை. அதனால் அவரே பேர் வைத்தார். நெட்டைக் கால், கீழே வளைந்த நீள மூக்கு. வருடத்துக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வரும், வயிறு முட்டத் தின்னும், ஒற்றைக் காலில் நிற்கும், போகும். இதற்கு மச்சான் என்பதைவிடப் பொருத்தமான பேர் என்ன இருக்க முடியும்?

அவளுக்கு அப்போது ஐந்து வயது. மாமா என்றால் போனில் வரும் குரல். ஒருநாள் அப்பா காதோடு காதாக, "மாமா வந்திருக்காரு, பாக்க வர்றியா?" என்றார். புது ஷூ போட்டுக்கொண்டு, மாமாவுக்கென்று வரைந்த படத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அங்கே சேற்றில் ஒரு பறவை நின்றது. அவள் அழுத அழுகையில் அதுவும் பறந்துவிட்டது.

"நிஜ மாமா ஏன் வரல?"

"அவருக்குப் பேப்பர் கிடைக்கலடா குட்டி. இவன்கிட்ட யாரும் பேப்பர் கேக்கறதில்ல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ தம்பியை இப்படிச் சேத்துல நிறுத்தினேன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு கிடையாது."

இவனிடம் யாரும் பேப்பர் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வயதில் நினைத்தாள். வேலையில் அன்றைக்கே சேர்ந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நியமனக் கடிதம் வரத்தான் பதினெட்டு வருடம் ஆனது. இன்றைக்கு அவளே பேப்பரோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள், பேப்பரும் காலை வாருகிறது.

அம்மா முழங்கையால் இடித்தாள். "என்னடி சொல்றான் அந்தக் கண்ணாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரே பல்லைக் காட்டுது?"

சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கேட்டுக்கொண்டே முன் நாற்காலியின் முதுகைப் பார்த்தாள்.

"கொக்குக்கு என் தம்பி பேரா?"

"கொக்கு இல்லம்மா, அது வேற இனம்..."

"ஆமா, இப்ப அது ரொம்ப முக்கியம்."

மச்சான் என்பது அப்பா பறவைக்கு வைத்த பேர் என்று அவள் விளக்கியதைக் கேட்டுவிட்டு விசாரணை அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். காலையிலிருந்து இது அவருக்கு ஏழாவது மனு. "பறவைக்கு உறவுமுறை வச்சுக் கூப்பிட்டார்ங்கிறீங்க, சரி. ஆனா நடுவுல நிஜமாவே அந்தச் சகோதரர் வந்திருந்தா? எது மனுஷன், எது பறவைன்னு நான் எப்படிப் பிரிக்கிறது? ஒரு வருஷம் விட்டுப் போனாலும் விதி பொருந்தாது."

அவள் எழுந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் சட்டப்படி அதைச் சொல்லக் கூடியவள் அந்தத் தம்பியின் அக்கா, அம்மா ஒருத்திதான். 'அப்பா கையெழுத்துதான்னு சொன்னாப் போதும்மா' என்றுதான் அவளைக் கூட்டி வந்திருந்தாள். மாமாவின் விசாவுக்கு மூன்றாவது மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் வாயெடுக்காத பேச்சு அது. ஒரு குளத்துக்காக அம்மாவின் வாயிலிருந்து அதைப் பிடுங்க வேண்டுமா? வேண்டாம், இந்தக் குளமும் போகட்டும். ஏற்கெனவே போன பன்னிரண்டோடு இது பதின்மூன்று. 'பதிலில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ உக்காருடி" என்றாள் அம்மா. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் வரவே இல்லைங்க."

"ஒரு தடவைகூடவா?"

"மூணு தடவை எழுதிப் போட்டோம். மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் அவனுக்கும் வயசாயிடுச்சு, போன்லயே இருந்துட்டான்." அம்மா வக்கீல் பக்கம் திரும்பினாள். "என் தம்பி வந்திருந்தா எங்க வீட்டுக்காரர் மூலையில உக்காந்து நோட்டுலயா எழுதியிருப்பார்? நான் தெருவையே கூட்டியிருக்க மாட்டேன்?"

கமாவைக்கூட விடாத மொழிபெயர்ப்பாளர் தன் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு வார்த்தை பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "என் மொழிபெயர்ப்புல ஒரு திருத்தம் இருக்குங்க" என்றார். "'பிடிவாதம் பிடித்தார்'னு எழுதின இடமெல்லாம் 'ஒற்றைக் காலில் நின்றார்'னு மாத்திக்கணும். எங்க பாஷையில ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்லுவோம். எந்த மச்சான்னு நான்தான் கவனிக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். நோட்டு ஏற்கப்பட்டது, குளம் இப்போதைக்குக் குளமாகவே இருக்கும். வக்கீல் மேல்முறையீடு என்றார். குறைந்தது இரண்டு வருடம் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள். அதற்கு முதலில் கொஞ்சம் தூங்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் அம்மா கேட்டாள். "அந்தக் குளத்துக்கு எந்த பஸ்?"

முப்பது வருடமாக இதே ஊரில் இருந்தும் அம்மா அங்கே போனதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபோது சலவைக்கூடத்தின் புகைபோக்கியிலிருந்து சோப்பு வாசனை வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு உடைந்த தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. அதற்கப்பால், சேற்றில், மச்சான்கள் நின்றார்கள்.

அம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "இவனா? என் தம்பிக்கு மூக்கு இவ்வளவு நீளம் கிடையாது. வேணும்னே இந்தப் பேரை வச்சிருக்கார் உங்கப்பா."

"ஆமாம்மா."

கையை இறக்கிவிட்டு, "நிக்கிற நிப்பு மட்டும் அவனேதான்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு பேரு வந்திருக்காங்க. எழுதிக்கோ."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அஞ்சும்மா. அந்த ரெண்டும் பிளாஸ்டிக் பை."

"எனக்கு ஏழுதான் தெரியுது" என்றாள் அம்மா, ஒற்றைக் காலில்.