போய்ட்டு வரேன்

வாலாஜாபாத்தில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பொறுக்கவில்லை. ஜன்னலோரம் மாறினேன், மறுபடி எழுந்தேன். என் வீட்டுக்காரர் தாண்டவராயன் முறைத்தார்.

"இன்னா கங்கா, சீட்ல முள்ளா கீது? கொரங்கப் பாக்கத்தான போறோம், பொண்ணு பாக்கவா போறோம்?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பதில் சொன்னால் சண்டைதான்.

லாரியில் அடிபட்டுச் செத்த தாய்க்குரங்கின் வயிற்றைக் கவ்விக்கொண்டு கிடந்தவன் குட்டான். ரெண்டு வருஷம் என் இடுப்பிலேயே வளர்ந்தான். பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி அரைஞாண் கயிறுகூடக் கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்ததும் வனத்துறை ஜீப் வந்துவிட்டது. சர்க்கஸிலிருந்தும் வித்தைக்காரர்களிடமிருந்தும் மீட்ட மிருகங்களுக்கென்று ஒரகடத்துக்கு அப்பால், காட்டோரம் ஒரு காப்பகம். அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பல மாதம் கழித்து இன்றைக்குத்தான் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

காப்பகக் காவலர் நடேசன் வாசலிலேயே கறாராகச் சொன்னார். "யம்மா, அவன் இப்பத்தான் கூட்டத்தோட சேர்ந்துகினு கீறான். இன்னிக்கு உங்களப் பார்த்தும் அங்கயே குந்திகினு இருந்தா, கூட்டத்தோட காட்ல விட்ருவோம். ஓடியாந்தா மனுசன மறக்கலன்னு அர்த்தம். அப்பால காலத்துக்கும் கூண்டுதான். வாயத் தெறக்காத."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கம்பிவலை முன்னால் நின்றேன். தாண்டவராயன் கிட்டே வரவில்லை. தள்ளி, மரத்தடியில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

உள்ளே ஏழெட்டுக் குரங்குகள். இடுப்பிலிருந்த கயிற்றுத் தழும்பை வைத்துக் குட்டானைக் கண்டுபிடித்தேன். ஒரு கிழட்டுக் குரங்கு அவனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பிறகு கொட்டாவி விட்டு அந்தக் கிழவி மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

பெற்ற வயிறு இல்லைதான், ஆனாலும் எரிந்தது. நன்றி கெட்டவனே என்று மனசுக்குள் திட்டினேன். காடு கிடைத்ததே என்று அடுத்த நொடியே கும்பிட்டேன்.

"தேறிட்டாம்மா, கெளம்பு" என்றார் நடேசன்.

தாண்டவராயனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே என்னை அழைத்துப்போக வலையருகே வந்தார். எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. தினமும் அரிசி மில்லுக்குப் புறப்படும்போது குட்டானிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் படியிறங்குவார். பழக்கதோஷம்.

"வர்ட்டாடா குட்டான்? போய்ட்டு வரேன்."

குட்டான் கிழவி மடியிலிருந்து துள்ளி ஒரே தாவலில் வலையில் வந்து ஒட்டினான். அவர் விரலைப் பிடித்தவன் விடவே இல்லை.

"யோவ், இன்னாய்யா பண்ட்ட!" நடேசன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாய் தவறிடுச்சு சார். இன்னொரு தபா பாருங்க சார்..." அவர் முகம் செத்துப்போயிருந்தது. நடேசன் கையை விரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரரைக் கிழிகிழியென்று கிழித்திருக்க வேண்டும். முடியவில்லை. வலைக்குள் விரல்களை விட்டுக் குட்டான் தலையைத் தடவினேன். அவனுக்கு இனிக் காடு கிடையாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.