தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு

ஃபிட்டர் பாம்புக்குப் பயப்படமாட்டார், பேய்க்கும் பயப்படமாட்டார். மேலதிகாரி இருமினால் மட்டும் அவர் முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கத் தொடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் கடல் தாண்டிப் போய், சக்கர நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். மூன்று மாதம் பரீட்சைக் காலம். தேறினால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால், "என்னப்பா, போன சுவடு காயறதுக்குள்ள வந்துட்ட?" என்று சொந்தபந்தம் கேட்கும் வாசலுக்கே திரும்ப வேண்டும்.

அவர் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. பிழை கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். நாற்காலிகளை நகர்த்திவரும் பட்டை மொத்தமும் நின்றுவிடும். அந்த நாட்டுக்காரர்கள் கொட்டாவி விடுவதுபோல் அதை இழுத்தார்கள். ஃபிட்டருக்கோ அது தூக்குக்கயிறு. அவருடைய பழைய பட்டறையில் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை இரண்டே பேருக்குத்தான்: ஒருவர் முதலாளி, இன்னொருவர் எமன்.

ஆகவே மூன்று மாதமாகக் கயிற்றைத் தொடவே இல்லை. சின்னக் குறைகளைச் சத்தமில்லாமல் தானே ஸ்பேனரால் சரிசெய்து அனுப்பிவிடுவார். அதில் ஏகப்பட்ட பெருமை வேறு.

கடைசி நாள், காலை பத்து மணி. கால்தாங்கி பொருத்தக் குனிந்தவர் கண்ணில் இடதுபக்க பிரேக் பட்டது. நட்டு இல்லை. தொட்டால் விழப்போகும் பால் பல்லாக ஆடியது. அந்த நட்டு அவரிடம் கிடையாது. பட்டையோ நகர்ந்துகொண்டிருந்தது.

அதைப் போட்டிருக்க வேண்டியவர் முந்தைய மேசை அண்ணன். ஏழு வருடமாக அங்கே இருப்பவர், மொழி தெரிந்தவர். அதனால் நம்மவர்கள் வைத்த பெயர் அகராதி. ஃபிட்டருக்குத் தங்க அறை பார்த்துக் கொடுத்த புண்ணியவானும் அவர்தான். இழுத்தால் அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாகும். இழுக்காவிட்டால், ஏதோ ஒரு சரிவில், முகம் தெரியாத யாரோ ஒருவர்...

நாற்காலி மேசை விளிம்பைத் தாண்டப்போன நொடியில் கை தானாக மேலே போயிற்று.

எறும்பு தும்மினால் கேட்கும், அப்படி ஒரு நிசப்தம். நூற்றிருபது தலைகள் திரும்பின. ஃபிட்டர் கணக்கில் பத்தாயிரம். மேற்பார்வையாளர் நடந்து வந்தார். வாழ்நாளில் ஒரே முறை சிரித்து, அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டவர் போல ஒரு முகம். ஏதோ கேட்டார்.

"யார் இழுத்ததுன்னு கேக்குறாரு தம்பி," என்றார் அகராதி.

கயிறு இன்னும் ஃபிட்டரின் உச்சந்தலைக்கு மேல் ஊசலாடிக்கொண்டிருந்தது. பழைய பட்டறையில் இருபது வருடம் அவரைக் காப்பாற்றிய பதில் வாயிலிருந்து குதித்தது.

"நான் இல்லண்ணே."

அகராதி அதை மொழிபெயர்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அடப்பாவி! இங்க கயித்த இழுத்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பொய் சொன்னாத்தான் பெட்டியக் கட்டணும். இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?"

மேற்பார்வையாளர் கயிற்றைப் பார்த்தார். ஃபிட்டரைப் பார்த்தார். காத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நான்தான்ணே. பயத்துல பொய் சொல்லிட்டேன். அதையும் சேர்த்தே சொல்லிடுங்க. பிரேக்குல நட்டு இல்ல. அது... அது உங்க வேலைண்ணே."

அகராதி பேசினார். நடுவில் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, 'வெளியே மழை பெய்கிறது' என்பதுபோல் சாதாரணமாகத் தன் பிழையையும் ஒப்புக்கொண்டார். மேற்பார்வையாளர் குனிந்து பிரேக்கை ஆட்டிப்பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னண்ணே? போச்சா?"

"மூணு மாசத்துல நீ ஒரு தடவகூட இழுக்கலையாம். இவன் குருடனா, இல்ல மறைக்கிறவனான்னு புரியாம, இன்னைக்குச் சாயங்காலம் உன்ன அனுப்பிடறதா இருந்தாராம். இப்ப இருந்துக்கோன்னு சொல்றாரு. ஆனா அந்த 'நான் இல்ல' இருக்கே, அது இன்னொரு தடவ காதுல விழுந்தா அன்னைக்கே கெளம்பணுமாம்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். நடுக்கம்தான் வந்தது. தூக்குக்கயிறு என்று தொடாமல் இருந்தாரே, தொடாததுதான் இத்தனை நாளாகக் கழுத்தை இறுக்கியிருக்கிறது.

மதிய இடைவேளையில் மனைவியை அழைத்தார்.

"என்னங்க, குரல் நடுங்குது? வேல போச்சா?"

"இல்ல, நிரந்தரமாயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் வரலாம்."

"அப்புறம் என்ன பயம்?"

"இங்க தப்பு நடந்தா, நான்தான்னு நாமளே சொல்லணுமாம்."

"நீங்களா!" என்றாள். "கல்யாணமாகி பதினாலு வருஷத்துல என்கிட்ட ஒரு தடவ சொன்னதில்லையே. பொழச்சுக்குவீங்களா?"

மணி அடித்தது. ஃபிட்டர் போனை வைத்துவிட்டு, கயிற்றுக்குக் கீழே போய் நின்றார்.